செருப்பு அளவு ஏறிக்கிட்டே போகுதுங்களே?

வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

கேள்வி: வீட்டுக்காரருக்கு 46 வயசுங்க, தறி ஓட்டறாரு. அஞ்சாறு வருசத்துல செருப்பு 8-லிருந்து 10 ஆயிருச்சு. கல்யாண மோதிரத்தை ஆசாரிகிட்ட வெட்டித்தான் எடுத்தோம். சர்க்கரை, பிரஷர் ரெண்டும் இருக்குது; குறட்டை வேற. பல்லைக் காட்டப் போனா, "தாடை முன்னுக்கு வந்திருக்குது, பிட்யூட்டரி சுரப்பியைப் பாருங்க"ங்கறாங்க. பல்லுக்கும் அதுக்கும் என்னங்க சம்பந்தம்?
– வாசகி, சோமனூர்

பதில்: பல் மருத்துவர் சரியாகத்தான் பிடித்திருக்கிறார். சர்க்கரைக்கு ஒருவர், குறட்டைக்கு ஒருவர், மூட்டு வலிக்கு ஒருவர் என்று தனித்தனியாகப் பார்ப்பதால்தான் இந்த நோய் பல வருடம் பிடிபடாமல் போகிறது.

மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் சுரப்பி பிட்யூட்டரி. அதில் வளர்ச்சி ஹார்மோன் சுரக்கும் செல்கள் கட்டியானால், அந்த ஹார்மோன் கல்லீரலைத் தூண்டி 'ஐஜிஎஃப்-1' என்ற இன்னொரு ஹார்மோனை அதிகமாகச் சுரக்க வைக்கும். வளரும் வயதில் வந்தால் ஆள் உயர்ந்துகொண்டே போவார். பெரியவர்களுக்கு உயரம் அதிகரிக்காது. கை, பாதம், தாடை, மூக்கு, நாக்கு தடிக்கும். இதுதான் அக்ரோமெகலி. கட்டி அநேகமாகப் புற்றுநோய் அல்ல. ஒரு செல்லில் தற்செயலாக நேரும் மரபணு மாற்றமே பெரும்பாலும் காரணம். பரம்பரையாக வருவது அரிது. தறிப் பஞ்சு மேல் பழி போட ஆதாரமில்லை.

முதலில் ஐஜிஎஃப்-1 ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். முடிவை அவர் வயதுக்குரிய அளவோடு ஒப்பிட வேண்டும். வளர்ச்சி ஹார்மோனை மட்டும் ஒரு தடவை பார்ப்பது காசுக்குக் கேடு; அது நாள் முழுக்க ஏறி இறங்கும். ஐஜிஎஃப்-1 கூடியிருந்தும் சந்தேகம் தீராவிட்டால், 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கவைத்து அரை மணிக்கொரு தரம் 2 மணி நேரம் ரத்தம் எடுப்பார்கள். மற்றவர்களுக்கு வளர்ச்சி ஹார்மோன் ஒரு மில்லி ரத்தத்துக்கு 1 நானோகிராமுக்குக் கீழே இறங்கும், இவர்களுக்கு இறங்காது. அடுத்தது மருந்து ஏற்றி எம்ஆர்ஐ. கட்டி பெரிதாகிப் பார்வை நரம்பை அழுத்தினால், பக்கவாட்டில் வரும் வண்டி கண்ணில் படாது. அதற்கும் சோதனை உண்டு. அது முடியும்வரை பைக் வேண்டாம்.

போகும்போது கல்யாண ஆல்பம், பழைய ஓட்டுநர் உரிமம் இரண்டையும் எடுத்துப் போங்கள். வாயால் சொல்வதைவிட அந்த முகங்கள் நன்றாகப் பேசும்.

விட்டுவிட்டால் இதயச் சுவர் தடிக்கும், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும், மணிக்கட்டு நரம்பு நசுங்கிக் கை மரக்கும். பெருங்குடலில் பாலிப் என்ற சின்னச் சதை வளர்ச்சி வரலாம் என்பதால், குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோபியை ஒருமுறை செய்யச் சொல்வார்கள்.

கேள்வி: அப்பாவுக்குப் பிட்யூட்டரி கட்டியை எடுக்க மூக்கு வழியா ஆபரேஷன்னு சொல்லியிருக்காங்க. அதுக்கப்புறம் எதைக் கவனிக்கோணும்?
– வாசகர், பெருந்துறை

பதில்: ஆபரேஷனுக்கு முன்பே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. குறட்டையையும் நாக்குத் தடிப்பையும் மயக்க மருந்து கொடுப்பவரிடம் சொல்லிவிடுங்கள். மூச்சுக்குழாய் போடுவது இவர்களுக்குச் சிரமம்.

வீடு திரும்பியபின் மூக்குச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், குனிந்து பாரம் தூக்கக் கூடாது, மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குனியும்போது மூக்கில் தெளிந்த தண்ணீராகச் சொட்டி, தொண்டையில் உப்புக் கரித்தால், அது சளியல்ல, மூளைத் தண்ணீர், அன்றைக்கே போங்கள். முதல் சில நாளில் அடங்காத தாகமும் ஓயாத சிறுநீரும் வரலாம். 5 முதல் 10 நாளுக்குள் தலைவலி, வாந்தி, குழப்பம் வந்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கியிருக்கலாம். குளுக்கோஸ் பாட்டில் ஏற்றிச் சமாளிக்காமல் ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்டும் விதத்தை முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். ஏற்கெனவே சர்க்கரைக்கு மருந்து எடுப்பவருக்கு ஹார்மோன் இறங்கியதும் சர்க்கரையும் சட்டென்று இறங்கலாம்.

குணமாகிவிட்டதா என்பது 12 வாரம் கழித்துப் பார்க்கும் ஐஜிஎஃப்-1-இல் தெரியும். 1 செ.மீ.க்குக் குறைந்த கட்டி, கை தேர்ந்த நிபுணரிடம் பத்துக்கு எட்டுப் பேருக்குச் சரியாகிவிடும். பெரிய கட்டி பாதிப் பேருக்குத்தான். வீக்கம் வடிந்து விரல் மெலியும்; வளர்ந்த தாடை எலும்பு பின்வாங்காது.

கேள்வி: கோவையில வாங்கற மாச ஊசியைத் தாராபுரம் வரைக்கும் எப்படிக் கொண்டு வர்றதுங்க?
– வாசகி, தாராபுரம்

பதில்: வளர்ச்சி ஹார்மோனை அடக்கும் இந்த ஆக்ட்ரியோடைடு ஊசி 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். ஐஸ் பெட்டியில் ஐஸ் கட்டி நேராகத் தொடாதபடி துணி சுற்றுங்கள். உறைந்துபோனால் மருந்து பாழ். போடுவதற்கு முன் குறைந்தது அரை மணி வெளியே வைக்க வேண்டும். கலக்கியவுடன் போட வேண்டும், தாமதித்தால் பொடி படிந்து ஊசி அடைக்கும். புட்டத்தில் ஆழமாக, மாதம் ஒரு பக்கமாக மாற்றி, 28 நாளுக்கொருமுறை. தொடக்கத்தில் பேதியாகும். பித்தப்பைக் கல் வரலாம். சாப்பிட்டபின் வலது மேல் வயிற்றில் வலித்தால் ஸ்கேன் எடுங்கள்.