காம்பு கருக்கட்டும்

வணக்கம் சார்,

வீட்டில் ஒரு சின்னச் சண்டை. வாழைப்பழத்தைக் காம்புப் பக்கம் உரிப்பதா, நுனிப் பக்கம் உரிப்பதா? குரங்கு நுனியிலிருந்துதான் உரிக்குமாம், வீடியோவில் பார்த்தேன். காம்பைத் திருகினால் பழத்தின் தலை நசுங்கிவிடுகிறது. 7 வயது மகனுக்கு உரிக்கவே வரவில்லை. நானே உரித்து, நாரெடுத்து, துண்டு போட்டு டப்பாவில் கொடுத்தனுப்புகிறேன். எது சரியான முறை?

ம., கோவை

அன்புள்ள ம.,

நுனிதான். அந்தக் கருப்பு முனையை இரு விரலால் கிள்ளினால் தோல் பிளந்துகொள்ளும். குரங்கு எப்படி உரித்தால் நமக்கென்ன? நாரைத் தின்னலாம், பழத்துக்குச் சத்து கொண்டுவந்த குழாய் அது.

ஆனால் ‘தலை நசுங்கிவிடுகிறது’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில் நின்றுவிட்டேன். பழுத்த பழத்தில் அப்படி ஆகாது. நீங்கள் வாங்குவது நீளமாக, பளிச்சென்று மஞ்சளாக இருக்கும் மோரிஸ் அல்லது ரொபஸ்டாவாகத்தான் இருக்கும். நம் ஊர் வெக்கையில் தானாகப் பழுத்தால் அதன் தோல் அநேகமாகப் பச்சையாகவே இருக்கும். பச்சைப்பழம் என்றுதானே கேட்டு வாங்குவோம்? இப்போது எத்திலீன் வாயு விட்டு, குளிரறையில் வைத்து மஞ்சளாக்குகிறார்கள். எத்திலீன் கெடுதல் இல்லை, பழமே விடுகிற வாயுதான். அவசரம்தான் கெடுதல். தோல் மஞ்சளானதும் கடைக்கு வந்துவிடுகிறது, காம்பு இன்னும் காயாகவே இருக்கிறது. அதோடுதான் நீங்கள் மல்லுக்கு நிற்கிறீர்கள். காயை வாங்கிவிட்டு உரிக்க வழி கேட்டால் எப்படி?

நாகர்கோவில் பக்கம் அப்பா பெட்டிக்கடை வைத்திருந்தார். கயிற்றில் மட்டிப்பழக் குலை தொங்கும். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே கன்னியாகுமரி மட்டிதான். விரல் நீளம், மெல்லிய தொலி, கடை முழுக்க மணம். காசை நீட்டும் பிள்ளைகளிடம், “காம்பு கருக்கட்டும் மக்ளே, நாளைக்கு வா” என்று திருப்பி அனுப்புவார். வியாபாரம் தெரியாத மனுஷன் என்று அம்மா திட்டுவாள்.

கடைசிக் காலத்தில் வாதம் வந்து அவருக்கு வலது கை விளங்காமல் போயிற்று. நான் சென்னையிலிருந்து போகும்போது ஒரு சீப்பு மஞ்சள் பழம் வாங்கிப்போனேன். இடது கையால் அந்தக் காம்போடு வெகுநேரம் போராடினார். எனக்குப் பொறுக்கவில்லை. பிடுங்கி, கத்தியால் நறுக்கி, உரித்து, துண்டு போட்டுத் தட்டில் வைத்தேன். அவர் தொடவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் சந்தையில் காம்பு கருத்த மட்டி கிடைத்தது. ஒன்றை மடியில் கிடத்தி, இடது கட்டைவிரல் நகத்தால் நுனியைக் கீறினார். தொலி தானாகப் பிரிந்து வந்தது. தின்றுவிட்டு இன்னொன்றையும் உரித்து என்னிடம் நீட்டினார்.

உங்கள் மகன் கையில் இருப்பதை ஏனம்மா பிடுங்குகிறீர்கள்? 7 வயதுப் பையனுக்கு உரிக்க வராமல் இருக்காது, வரவிடாமல் செய்வது நீங்கள்தான். அந்த டப்பாவை நிறுத்துங்கள். துண்டு போட்ட பழம் மதியத்துக்குள் கருத்துப்போகும், பிள்ளை அதை மூக்கைச் சுளித்துக்கொண்டு கொட்டுவான். பூவனோ கற்பூரவல்லியோ கோவையில் கிடைக்காதா என்ன? ஒரு சீப்பு வாங்கி மாட்டிவையுங்கள். தினமும் காலையில் அவனையே தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். காம்பு கருத்ததும் முழுப்பழமாகப் பையில் போட்டு அனுப்புங்கள்.