கிராஃபீன் கருவியை வைத்து வீட்டிலேயே ஈயம் பார்க்கலாமா?

கேள்வி: எங்கள் குழாய்த் தண்ணீரில் ஈயம் இருக்குமோ என்று சந்தேகம். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. கிராஃபீன் சென்சார் பொருத்திய கையடக்கக் கருவியை விற்க வந்தவர், "ஒரு சொட்டு போதும், ஆய்வகத்துக்கே போக வேண்டாம்" என்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். கிராஃபீன் சென்சார் உண்மையான அறிவியல்தான். ஆய்வகமே வேண்டாம் என்கிறாரே, அங்கேதான் இடிக்கிறது.

கிராஃபீன் ஓர் அணு தடிமனே உள்ள கார்பன் தாள். மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். உலோகத்தைத் தானாக அவ்வளவாகப் பிடிக்காது. அதனால் அதன்மேல் வேதிக் குழுக்களை ஒட்டுகிறார்கள். கந்தகம் உள்ள தையோல் குழு பாதரசத்தை இறுகப் பற்றும், கார்பாக்சில் குழு ஈயத்தைப் பிடிக்கும். பிடித்த உலோகத்தை மின்முனையில், அதாவது சென்சாரின் மின்சாரம் பாயும் முனையில், படியவைத்து, மின்னழுத்தத்தை மெல்ல மாற்றிக் கரைய விடுவார்கள். காட்மியம் முதலில், அடுத்து ஈயம், அதற்கப்புறம் தாமிரம். எந்த மின்னழுத்தத்தில் மின்னோட்டம் எழும்புகிறது என்பது எந்த உலோகம் என்று சொல்லும், எவ்வளவு எழும்புகிறது என்பது அதன் அளவைச் சொல்லும்.

ஆனால் இது பார்ப்பது தண்ணீரில் தனியாகத் திரியும் ஈய அயனியை மட்டுமே. தண்ணீரோடு வரும் குழாய்த் துருத் துகளில் ஒட்டிய ஈயம் தெரியாது. மக்கிய இலைதழையிலிருந்து வரும் ஹியூமிக் பொருட்கள் கட்டிப்போட்ட ஈயமும் சரியாகத் தெரியாது. கருவி சுழியம் காட்டும். அதே ஈயம் குழந்தையின் வயிற்று அமிலத்தில் விடுபட்டுவிடும். இதற்காகத்தான் ஆய்வகத்தில் முதலில் நைட்ரிக் அமிலம் சேர்த்து எல்லாவற்றையும் கரைத்துவிட்டு அளக்கிறார்கள். ஒரு சொட்டுக்காரர் இதைச் செய்வாரா? செய்யமாட்டார். பல ஆய்வுக் கட்டுரைகளுமே சுத்தமான கரைசலில் ஈய உப்பைப் போட்டு அளந்துவிட்டுப் பெருமைப்படுகின்றன. நிஜக் குழாய்த் தண்ணீரில் அதே மின்முனை எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டால் பதில் வராது. எனக்கு ஆத்திரமாக வருகிறது.

இன்னும் இரண்டு பேரிடம் ஏமாறாதீர்கள். டிடிஎஸ் மீட்டரைக் காட்டி "உலோகம் கூடுதல்" என்பவர் ஒருவர். அது மொத்த உப்பை லிட்டருக்கு மில்லிகிராமில் சொல்லும். ஈயத்துக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், அதாவது 0.01 மில்லிகிராம். அந்த மீட்டருக்கு இது கண்ணில் படவே படாது. அடுத்தவர் இரண்டு கம்பிகளைத் தண்ணீரில் விட்டு மின்சாரம் பாய்ச்சி, பழுப்புச் சேற்றைக் காட்டிப் பயமுறுத்துவார். அந்தப் பழுப்பு, கம்பியின் இரும்பு கரைந்து வந்தது.

சரி, என்ன செய்வது? அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் இரண்டு பாட்டில் கேட்டு வாங்குங்கள். இரவெல்லாம் குழாயைத் தொடாமல், காலையில் திறந்ததும் வரும் முதல் தண்ணீரை ஒன்றில் பிடியுங்கள். சில நிமிடம் ஓடவிட்டு மற்றதில் பிடியுங்கள். அறிக்கையில் "வரம்புக்குள்" என்று மட்டும் எழுதித் தந்தால் விடாதீர்கள். எண்ணைக் கேளுங்கள், எவ்வளவு குறைந்த அளவு வரை அவர்களால் கண்டுபிடிக்க முடியும் என்பதையும் கேளுங்கள். முதல் பாட்டிலில் மட்டும் ஈயம் கூடுதலாக இருந்தால், பெரும்பாலும் உங்கள் வீட்டுக் குழாயோ அதன் பற்றவைப்போதான் காரணம். மாற்றும்வரை ஓடவிட்ட தண்ணீரையே பிடியுங்கள். கொதிக்கவைத்தால் ஈயம் போகாது.