கருப்பு டை போட்ட முடியில ப்ளீச் பண்ணலாமா? சலூன்லயா வீட்லயா?

ஒரு வாசகி கேட்டிருக்காங்க: "நாலு வருஷமா மருதாணிப் பொடி போட்டுட்டு இருந்தேன், கடைசி ஒரு வருஷம் அத விட்டுட்டு பாக்கெட் கருப்பு டைக்கு மாறிட்டேன். இப்ப ஆஷ் பிரவுன் (சாம்பல் சாயல் இருக்கற பழுப்பு) பண்ண ஆசை. சலூன்ல ஒரே சிட்டிங்ல முடிச்சுத் தர்றோம்ங்கறாங்க, ஃப்ரெண்டு என்னடான்னா 40 வால்யூம் டெவலப்பர் (ப்ளீச் பவுடரோட கலக்கற பெராக்சைடு) வாங்கிக்கோ வீட்லயே பண்ணிடலாம்ங்கறா. எது சேஃப்?"

இப்போதைக்கு ரெண்டுமே வேணாங்க. நாலு வருஷ மருதாணிய பத்தி ஒரு வார்த்த கூட கேக்காம ஒரே சிட்டிங்னு சொல்றாங்கன்னா அது சலூனா இருந்தாலும் எனக்கு பயம்தான். ப்ளீச் விஷயத்துல எந்த கலர் வேணும்ங்கறது ரெண்டாவது கேள்வி, முடிக்குள்ள ஏற்கனவே என்னென்ன போயிருக்குங்கறதுதான் மொத கேள்வி.

முடி மாசத்துக்கு சுமாரா ஒரு சென்டிமீட்டர் வளருது. அப்படின்னா வேர்ல இருந்து ஒரு 12 சென்டிமீட்டர் வரைக்கும் கருப்பு டை மட்டும், அதுக்குக் கீழ நுனி வரைக்கும் மருதாணி, அந்த மருதாணி மேலயே டையும் தடவியிருப்பீங்க. ஒரே தலைல ரெண்டு விதமான முடி இருக்கு, ஒரே கலவைய ஒரே நேரம் வச்சா ரெண்டும் ஒரே மாதிரி வெளுக்காது. வேர் பக்கம் தலையோட சூட்டுக்கு சீக்கிரமா வெளுத்து பளிச்சுன்னு நிக்கும், நுனி இன்னும் செம்பட்டையாவே இருக்கும். அதனாலதான் தெரிஞ்சவங்க நடுமுடில ஆரம்பிச்சு வேர கடைசியா தொடுவாங்க.

கருப்பு டைக்கு மேல பிரவுன் டை போட்டா பிரவுன் ஆகிடும்னு நெறைய பேர் நெனைக்கறாங்க, ஆகாது, ஒரு டை இன்னொரு டைய எடுக்காது. எடுக்கணும்னா ப்ளீச்சோ இல்ல கலர் ரிமூவரோ வேணும். ரிமூவர் கொஞ்சம் சாஃப்ட், கெமிக்கல் டையோட மூலக்கூற சின்னதாக்கி கழுவி எடுக்கும், முடியோட சொந்த நிறத்த வெளுக்காது, ஆனா மருதாணிகிட்ட அதோட பருப்பு வேகாது. உங்க கேஸ்ல மொதல்ல ரிமூவர் போட்டு அந்த ஒரு வருஷ கருப்ப எவ்வளவு குறைக்க முடியுதுன்னு பாக்கறது நல்ல வழி.

இப்ப மருதாணி. சுத்தமான இலைப்பொடின்னா ஆபத்து இல்ல, பிடிவாதம்தான், ஆரஞ்சுல வந்து நின்னுக்கும் அதத் தாண்டாது. அவுரி (நீலச் சாயம் தர்ற இலை) கலந்திருந்தா சில சமயம் பச்சை அடிக்கும். நெஜமான பிரச்சினை உலோக உப்பு கலந்த பொடிங்க, பாக்கெட்ல மூலிகைன்னு போட்டிருந்தாலும் உள்ள என்னன்னு நமக்குத் தெரியாது, அந்த உலோகமும் ப்ளீச்ல இருக்கற பெராக்சைடும் சேர்ந்தா முடி சூடாகி சில நேரம் புகையே வரும், அப்படியே ஒடஞ்சு கைல வரும். இத தலைல வச்சு கண்டுபிடிக்கக்கூடாது.

அதுக்குத்தான் ஸ்ட்ராண்ட் டெஸ்ட். வெளிய தெரியாத எடத்துல, பின்கழுத்து பக்கம், ஒரு மெல்லிசு கொத்த நுனி வரைக்கும் வர்ற மாதிரி வெட்டி எடுங்க, நூல் கட்டிக்கோங்க. தலைல போடப்போற அதே பவுடர் அதே டெவலப்பர பிளாஸ்டிக் கிண்ணத்துல கலந்து (உலோகக் கிண்ணம் கூடாது) அதுல போட்டு அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ பாருங்க. சூடாகுதா, நுரைக்குதா, நாத்தம் மாறுதா, இதுல ஒண்ணு நடந்தாலும் கதை முடிஞ்சது, அந்த முடிக்கு ப்ளீச் கிடையாது, வளரவிட்டு வெட்டறதுதான் வழி. ஒண்ணும் ஆகலன்னா பாக்கெட்ல போட்டிருக்கற நேரம் வரைக்கும் வச்சு கழுவிட்டு ஈரத்தோட லேசா இழுங்க. இழுத்து விட்டதும் திரும்பி சுருங்கினா நல்லது, பபிள்கம் மாதிரி நீண்டுகிட்டே போனா உள்ள இருக்கற புரதக் கட்டு போயிடுச்சுன்னு அர்த்தம். காஞ்சப்புறமும் ஒரு தடவ பாருங்க, ஈரத்துல நல்லா இருக்கறது காஞ்சா பொடியா உதிரும்.

ஃப்ரெண்டு சொன்ன 40 வால்யூம்னா 12 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. 20 வால்யூம் 6 சதவீதம், 30 வால்யூம் 9. நம்பர் ஏற ஏற வேகம் ஏறும், கூடவே தலைத்தோல் வெந்து போற வாய்ப்பும் ஏறும். வீட்ல 40ஐ தொடவே தொடாதீங்க, 20 போதும், மெதுவா வேலை செஞ்சாலும் நடுவுல நிறுத்த உங்களுக்கு நேரம் கெடைக்கும். இன்னொண்ணு, ஆஷ் பிரவுனுக்கு முடிய வெள்ளை வெளேர்னு ஆக்கணும்னே அவசியம் இல்ல. கருப்பு முடி வெளுக்கறப்போ சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், வெளிர்மஞ்சள்னு இந்த வரிசைலதான் போகும், உங்களுக்கு ஆரஞ்சு வரைக்கும் வந்தா போதும், அந்த ஆரஞ்ச நீல டோனர் (ப்ளீச்சுக்கு அப்புறம் சாயல சரி பண்ண போடற கலர்) அடக்கிடும். வெளிர்மஞ்சள் வரைக்கும் நீங்க போக வேணாம்.

அலர்ஜி விஷயத்த மட்டும் தயவுசெஞ்சு தாண்டிப் போகாதீங்க. கருப்பு டைங்கள்ல பெரும்பாலும் பிபிடின்னு ஒரு கெமிக்கல் இருக்கும், பத்து தடவ ஒண்ணும் ஆகாம பதினோராவது தடவ முகம் வீங்கலாம், "நான் வருஷக்கணக்கா போடறேன் எனக்கு ஒண்ணும் ஆகாது"ங்கறது இதுல செல்லாது. அம்மோனியா ஃப்ரீன்னு எழுதியிருந்தா பிபிடி இல்லன்னு அர்த்தம் இல்ல, அது வேற இது வேற. கைல எப்பவாவது கருப்பு மருதாணின்னு டாட்டூ போட்டு அரிச்சிருந்தா சலூன்ல கட்டாயம் சொல்லுங்க, அதுலயும் பெரும்பாலும் இதே பிபிடிதான். ஒவ்வொரு தடவையும் 48 மணி நேரம் முன்னாடியே பேட்ச் டெஸ்ட் பண்ணுங்க, பாக்கெட்ல சொல்லியிருக்கற மாதிரியே. ப்ளீச் பவுடர்ல இருக்கற பெர்சல்ஃபேட் தூசி ஆஸ்துமாவ கிளப்பி விடும், அதனால மூடின பாத்ரூம்ல வச்சு கலக்காதீங்க. கண்ணு வீங்குது, உதடு வீங்குது, மூச்சு வாங்குதுன்னா கழுவிட்டு பாக்கலாம்னு உக்காராம உடனே எமர்ஜென்சிக்கு போங்க. டைய புருவத்துலயோ கண்ணிமைலயோ போடவே கூடாது, கண்ணுக்கு ஆபத்து.

சரி, சலூனா வீடா? உங்க தலைக்கு ப்ளீச்ச சலூன்ல வச்சுக்கோங்க, ஆனா வேற சலூன். உக்கார வச்சு என்னென்ன போட்டிருக்கீங்கன்னு கேக்கணும், அவங்களே ஸ்ட்ராண்ட் டெஸ்ட் எடுக்கணும், ரெண்டு மூணு சிட்டிங் ஆகும்னு சொன்னா அது ஏமாத்து இல்ல, அதுதான் நேர்மை. மொத சிட்டிங்ல முழு தலையும் வேணாம், பாலயாஜ் (பிரஷ்ஷால அங்கங்க தீட்டற மாதிரி வெளுக்கறது) இல்ல ஹைலைட்ஸ் கேளுங்க, தலைத்தோல்ல படாம மேலாப்ல போகும், வேர் வளர்ந்தாலும் கோடு அவ்வளவா தெரியாது. ரீபாண்டிங், ஸ்ட்ரெய்ட்டனிங் பண்ணியிருந்தா அதையும் மறைக்காம சொல்லுங்க. அன்னைக்கு தலைக்கு குளிச்சுட்டு, சொறிஞ்சுட்டு போகாதீங்க, புண் இருந்தா தேதிய தள்ளிப் போடுங்க. லேசா குறுகுறுன்னா ஓகே, எரிஞ்சா "இன்னும் அஞ்சு நிமிஷம்"னு யாரு சொன்னாலும் உடனே கழுவச் சொல்லுங்க. ஃபாயில் போட்டு ட்ரையர் காட்டறேன்னாங்கன்னா வேணாம்னு சொல்ற உரிமை உங்களுக்கு இருக்கு, அந்த சூட்டுல தலைத்தோல் வெந்தவங்க நெறைய பேர்.

வீட்ல பண்ணக்கூடியது வேற. டோனர் மங்கினா செமி பெர்மனென்ட் கலர் போடறது, வாரம் ஒரு தடவ நீல ஷாம்பூ, இதெல்லாம் தாராளமா நீங்களே பண்ணலாம். கலந்து மிச்சமான கலவைய பாட்டில்ல மூடி மட்டும் வைக்காதீங்க, கேஸ் கெளம்பி பாட்டில் வெடிச்சுடும், தண்ணிய ஊத்தி கொட்டிடுங்க. ரெண்டு சிட்டிங்குக்கு நடுவுல குறைஞ்சது ரெண்டு வாரமாவது விடுங்க, ஒரு மாசம்னா இன்னும் நல்லது, அதுக்குள்ள அயர்னிங் ராட கைல எடுக்காதீங்க. வேணும்ங்கற கலர் வந்தப்புறம், அடுத்த தடவ புதுசா வளர்ந்த வேர்ல மட்டும்தான் ப்ளீச் படணும், ஏற்கனவே வெளுத்த எடத்து மேல திரும்ப போச்சுன்னா அங்கதான் ஒடையும்.