மலைக்குடும்பமும் மண்ணும்: நாவல் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

மலையில் வாழும் குடும்பங்களுக்கும் அவர்கள் காலூன்றிய நிலத்துக்கும் உள்ள உறவைச் சொல்லும் நாவல்களைப் பற்றி வாசகர் வட்டத்து அன்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பிடிஎஃப் கிடைக்குமா என்று கேட்டவர்களுக்குப் பதில் இல்லை. புத்தகத்தை விலை கொடுத்து வாங்குங்கள், அல்லது நூலகத்தில் எடுத்துப் படியுங்கள்.

தென்காசி, கல்லூரி மாணவர்: அண்ணாச்சி, தமிழில் எந்த நாவலிலிருந்து தொடங்கலாம்?

ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித் தேன்’ நாவலிலிருந்து தொடங்குங்கள், தம்பி. 1963இல் வெளிவந்த அந்த நாவல், நீலகிரிப் படகர் குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாகப் பின்தொடர்ந்து, ராகியும் சாமையும் விளைந்த நிலத்தில் தேயிலை ஏறியபோது வீட்டுக்குள் அண்ணன் தம்பி உறவு எப்படி மாறியது என்று காட்டுகிறது. பயிர் மாறினால் பணம் வரும் வழி மாறுகிறது. பணம் வரும் வழி மாறினால் வீட்டில் யார் பேச்சு எடுபடும் என்பதும் மாறிவிடுகிறது. அதற்குப் பிறகு, சோளகர் பழங்குடி மக்களைப் பற்றிய ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’யை எடுங்கள். பெரும்பாலோர் அதன் பிற்பாதியில் வரும் வீரப்பன் தேடுதல் வேட்டைக் கொடுமைகளை மட்டுமே நினைவில் வைத்திருக்கிறார்கள். முற்பாதியில் ஒரு குடும்பம் தன் நிலத்தை இழப்பதைக் கவனித்துப் படிக்காதவர்களுக்கு, பிற்பாதியில் அந்த மக்கள் ஏன் இத்தனை ஆதரவற்று நிற்கிறார்கள் என்பது பிடிபடாது. கொல்லிமலை மக்கள் ஒன்றுசேர்ந்து எழுவதைச் சொல்லும் கு. சின்னப்ப பாரதியின் ‘சங்க’த்தை மூன்றாவதாக வைத்துக்கொள்ளலாம்.

எதைப் படித்தாலும் முதல் ஐம்பது பக்கத்துக்குள் ஒரு கேள்விக்கு விடை தேடுங்கள்: இந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது? பட்டாவா, குத்தகையா, ஜமீனா, காட்டிலாகாவா? ஆசிரியர் இதைச் சொல்லாமல் மூடுபனியையும் அருவியையும் மட்டும் வர்ணித்துக்கொண்டே போனால், சுற்றுலாப் பயணியின் கண்ணால் எழுதியிருக்கிறார் என்று பொருள். இந்த எச்சரிக்கையை இன்னும் இரண்டு மூன்று முறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வள்ளியூர்: மலைக்கதைகள் எல்லாவற்றையும் குறிஞ்சித் திணையில் அடக்கிவிடலாமா?

கூடாது. குறிஞ்சியின் உரிப்பொருள் புணர்தல். அங்கே தலைவன் தினைப்புனத்துக்கு வருவானே தவிர, கிஸ்திக் கணக்கோடு வரமாட்டான்.

பாளையங்கோட்டை, ஆசிரியை: அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைக்குடும்பங்களைப் பற்றிய நாவல்கள் நம் வாசகருக்கு ஒட்டுமா, அண்ணாச்சி?

நன்றாக ஒட்டும், அம்மா. ஹாரியட் ஆர்னோ 1954இல் எழுதிய ‘தி டால்மேக்கர்’ நாவலில் கெர்ட்டி என்னும் கென்டக்கி மலைப்பெண், சொந்தமாக ஒரு பண்ணை வாங்குவதற்காக வருடக்கணக்கில் ரகசியமாகக் காசு சேர்க்கிறாள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கணவன் டெட்ராய்ட் நகரத்துத் தொழிற்சாலை வேலைக்குப் போய்விடுகிறான். பண்ணை கைக்கு எட்டும் நேரத்தில், மனைவி கணவனோடுதான் இருக்க வேண்டும் என்று பெற்ற தாயே வற்புறுத்த, அவள் பிள்ளைகளோடு நகரத்துக்குப் போகிறாள். நிலத்தைப் பிடுங்கியவன் வட்டிக்காரனோ மிட்டாதாரோ அல்ல, பெற்ற தாயின் வாய்ச்சொல். நம் ஊரில் இதைப் படிக்கும் எந்தப் பெண்ணுக்கும் விளக்கவுரை தேவைப்படாது.

ஜேம்ஸ் ஸ்டில்லின் ‘ரிவர் ஆஃப் எர்த்’ 1940இல் வந்தது. தகப்பனுக்கு நிலக்கரிச் சுரங்க வேலை மேல் நாட்டம், தாய்க்கு ஓரிடத்தில் தங்கித் தோட்டம் போட ஆசை. வேலை இல்லாத காலத்தில் உறவினர் வந்து உட்கார்ந்து, இருக்கும் கொஞ்சத் தானியத்தையும் தின்று தீர்க்கிறார்கள். போகச் சொல்லக் கணவனுக்கு வாய் வரவில்லை. அவள் குடியிருந்த வீட்டைத் தானே கொளுத்திவிட்டு, இறைச்சி புகைபோடும் சிறு கொட்டகைக்குப் பிள்ளைகளோடு குடிபோகிறாள். விருந்தோம்பலைப் பற்றி நாம் பாடிவைத்தவற்றோடு இந்தக் காட்சியைச் சேர்த்துப் படியுங்கள்.

இங்கும் என் பழைய எச்சரிக்கை உண்டு. அந்த மலைகளில் நிலத்தின் மேற்பரப்பு குடும்பத்திடமும், அடியில் கிடக்கும் கனிம உரிமை நிறுவனத்திடமும் இருக்கும்படி பத்திரங்கள் எழுதப்பட்டன. பாட்டன் அற்பத் தொகைக்குக் கைநாட்டு வைத்த பத்திரத்தைக் காட்டி, பேரன் காலத்தில் வயலையே வெட்டிக் கரி எடுத்தார்கள். நில உடைமையாளரின் ஒப்புதல் வேண்டும் என்ற திருத்தம் கென்டக்கி மாநில அரசியலமைப்பில் ஏறியது 1988இல்தான். இது தெரியாமல் அந்த வட்டாரக் கதைகளைப் படித்தால், அந்த மக்கள் காரணமில்லாமல் அந்நியரைச் சந்தேகிக்கும் முரடர்களாகத்தான் தெரிவார்கள்.

நாங்குநேரி: எந்த நாவலிலிருந்து தொடங்கலாம்?

தென்காசித் தம்பிக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

விக்கிரமசிங்கபுரம்: நம் மாவட்டத்து மலையேறிப் போன குடும்பங்களைப் பற்றி நாவல் உண்டா?

உண்டு. ஆனால் அவர்கள் ஏறியது நம் மலையில் அல்ல. பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வெளியிட்ட ‘ரெட் டீ’, இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழில் கிடைக்கிறது. திருநெல்வேலிச் சீமையின் பஞ்சத்திலிருந்து ஆனைமலைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூட்டிச்செல்லப்படும் கருப்பன், வள்ளி தம்பதியின் கதை அது. டேனியல் தோட்டப் பகுதியில் மருத்துவராக இருந்தவர் ஆதலால், நோயைப் பற்றி அவர் எழுதும் பக்கங்களில் மிகை இல்லை. நம் மலையில் உள்ள மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தைப் பற்றிக் கேட்பீர்களானால், அங்கே நடந்தவற்றின் அளவுக்கு ஈடான பெரிய நாவல் இனிமேல்தான் வர வேண்டும் என்பது என் கருத்து.

சேரன்மகாதேவி: மாஞ்சோலைக் குடும்பங்களுக்கு ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது. அவர்களைப் பற்றிய கதை தொழிலாளர் கதைதானே? அதை நில உறவின் கதை என்று எப்படிச் சொல்வீர்கள்?

இந்தக் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் 8,373 ஏக்கர் காட்டைப் பம்பாய் பர்மா நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. ஜமீன் ஒழிந்தபின் குத்தகை அரசின் கைக்கு வந்தது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தோட்டங்கள் எழுந்தன. அங்கே பிறந்து வளர்ந்தவர்களில் எவர் பெயரிலும் பட்டா இல்லை என்பது உண்மை. லயத்து வீடு, அதாவது தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பு, வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். அப்படியானால் யார் வேலைக்குப் பெயர் கொடுப்பது, யார் கீழே இறங்கிப் படிப்பது, மருமகள் கொழுந்து பறிக்கத் தெரிந்தவளாக வேண்டுமா என்ற ஒவ்வொரு குடும்ப முடிவும் கூரையைக் காப்பாற்றும் முடிவாகிவிடுகிறது. பட்டாதாரர் வீட்டில் பாகப்பிரிவினை செய்யும் வேலையை அங்கே வேலைப்பதிவு செய்கிறது. இதைவிட நெருக்கமான நிலப் பிரச்சினை ஒரு நாவலாசிரியருக்கு வேறென்ன கிடைக்கும்?

சேரன்மகாதேவி, மீண்டும்: ஏற்க முடியவில்லை. தலைமுறையாகக் கூலிக்கு உழைத்தவர்களின் துன்பத்துக்கு ‘மண்ணின் மீது பாசம்’ என்று அழகு பூசுவதாகாதா?

பாசம் என்ற சொல்லை நான் எழுதவில்லை. 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலத்தில் வந்து, தடியடிக்குத் தப்ப முடியாமல் தாமிரபரணியில் மாண்ட 17 பேரின் கோரிக்கை கூலி பற்றியது. மலையின் அழகைப் பற்றியதல்ல. அதை மறைத்து எழுதப்படும் நாவல் எதையும் நான் பரிந்துரைக்கமாட்டேன். ஆனால் 2024இல் நிறுவனம் விருப்ப ஓய்வு என்று சொல்லி எல்லோரையும் இறங்கச் சொன்னபோது, அதே குடும்பங்கள் பலவும் மலையிலேயே இருக்க உரிமை கேட்டு உயர் நீதிமன்றம் வரை போயின. கொடுமை நடந்த இடத்தையே ஊர் என்று சொல்ல மனிதர்களால் முடிகிறது. இந்த முரணை வாதமாகச் சுருக்கினால், நீங்கள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் நிற்க வேண்டியிருக்கும். நாவலில் ஒரே தாய் இரண்டையும் ஒரே நாளில் சொல்லலாம்.

அம்பாசமுத்திரம்: புலிக்கும் காட்டுக்கும் உரிமை இல்லையா? குடும்பங்களை மட்டுமே பேசுகிறீர்களே, அண்ணாச்சி.

உண்டு. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் 1988இல் அமைந்ததால் நம் ஆற்றுக்கும் நன்மைதான். கார், பிசானம் என்று இரு பருவமும் நெல் விளைவிக்கும் வயல்காரர்கள் அந்த மழைக்காட்டுக்குக் கடன்பட்டவர்கள். ஆயினும் புலியைப் புனிதராகவும் குடியிருப்போரை ஆக்கிரமிப்பாளராகவும் வைத்து எழுதும் கதை, இரண்டு பேரையும் தெரியாதவரின் கதை. அதே மலையில் தேயிலைக்கும் ஜமீனுக்கும் முன்பே காணிக்காரப் பழங்குடியினர் இருந்தார்கள். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி உரிமை கேட்க அவர்களுக்கு வழி உண்டு. தோட்டத்துக் குடும்பங்களுக்கு அந்தப் பாதை அவ்வளவு எளிதல்ல. இவை போதாவென்று, ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோவிலில் குடில் போட்டுத் தங்கும் கீழ்நாட்டுக் குடும்பங்கள் இருக்கின்றன. மலையில் ஒரு அடி நிலம் இல்லாவிட்டாலும் தங்கள் சாஸ்தா அங்கே இருப்பதால் அவர்களும் உரிமை பேசுவார்கள். இத்தனை பேரும் ஒரே வனச்சாவடியைக் கடந்து போகிறார்கள். நாவல் எழுத நினைப்பவர் அந்தச் சாவடியில் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கட்டும்.

இந்த விவாதத்தில் மேலும் ஏழெட்டுக் கடிதங்கள் வந்திருக்கின்றன. புதிய செய்தி எதுவும் இல்லாததால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

சங்கரன்கோவில்: ‘எரியும் பனிக்காடு’ கதையைத் தழுவிய ‘பரதேசி’ படத்தைப் பார்த்துவிட்டேன். நாவலையும் படிக்க வேண்டுமா?

வேண்டும்.

கடையம்: எங்கிருந்து தொடங்குவது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

மேலே இரண்டு முறை வந்துவிட்டது, ஐயா.

களக்காடு, இல்லத்தரசி: எங்கள் ஆச்சி மலையடிவாரத்து வாழைத்தோட்டத்தில் வாழ்ந்தவர். அவரைப் பற்றி நாவல் எழுத ஆசை. எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் அந்தத் தோட்டத்தின் பத்திரங்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அம்மா. யார் யாருக்கு எப்போது விற்றார்கள், எந்தக் கல்யாணத்துக்கு அடகு வைத்தார்கள், ஆச்சியின் பெயர் எந்தக் காகிதத்திலாவது இருக்கிறதா என்று பாருங்கள். வாழ்நாள் முழுவதும் அவர் தண்ணீர் பாய்ச்சிய நிலத்தில் அவர் பெயர் இல்லையென்றால், உங்கள் முதல் அத்தியாயம் கிடைத்துவிட்டது. பிறகு கானுயிர்களைக் கவனியுங்கள்: பன்றியும் யானையும் இறங்கும் இரவில் காவலுக்கு யார் போனார்கள், மறுநாள் அழிந்த வாழைக்குக் கணக்கு யார் சொன்னார்கள்? வட்டாரப் பேச்சை உரையாடலில் தாராளமாக எழுதுங்கள். ஆனால் நெல்லைப் பேச்சு என்றவுடன் ஒவ்வொரு வரியிலும் ‘ஏல’ போட வேண்டாம். ஆச்சி யாரை அப்படிக் கூப்பிட்டார், யாரிடம் பணிந்து பேசினார் என்ற வேறுபாடு தெரிய வேண்டும்.

முக்கூடல்: காணிக்காரர்களின் பாட்டுகளைப் பற்றிச் சொல்லுங்கள்.

அது என் துறை அல்ல. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறையில் கேளுங்கள்.