கடற்கரைக் காணியில் 40 அடி வானொலிக் கோபுரம் சரிவருமா?

கேட்டவரின் நிலைமை இது: திருகோணமலை உப்புவெளிப் பக்கம் பத்துப் பேர்ச் காணியில் வீடு. பொழுதுபோக்காக வானொலியில் பேசிக்கொள்ளும் அமெச்சூர் வானொலி உரிமத்துக்குப் படித்துக்கொண்டிருக்கிறார். வளவுக்குள் 40 அடி இரும்புக் கோபுரம் எழுப்ப வெல்டிங் கடையில் விலையும் கேட்டுவிட்டார். சரிவருமா, எப்படிப் பராமரிப்பது என்கிறார்.

விலை கேட்டதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நான் நகரத்துக்குள் கோட்டைப் பக்கமாக இருப்பவன். என் வளவில் நிற்பது 30 அடிக் குழாய்க் கம்பம். அடியில் பிணைச்சல் உண்டு. துணைக்கு ஓர் ஆள் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் நிலத்தில் படுக்க வைத்துவிடலாம். எங்கள் ஊரில் அன்ரெனாவுக்கு முதல் தகுதி உயரம் அல்ல. நினைத்த நேரத்தில் இறக்க முடிய வேண்டும் என்பதே.

முதலில் காணிக் கணக்கைப் பாருங்கள். பத்துப் பேர்ச் என்பது ஏறக்குறைய 250 சதுர மீற்றர், அதாவது சதுரமாக இருந்தால் பக்கத்துக்குப் 16 மீற்றர் (52 அடி). கோபுரம் சாயாமல் இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பிகளை நிலத்தில் கட்டும் இடம், அடியிலிருந்து உயரத்தின் 60 முதல் 80 வீதம் தள்ளி இருக்க வேண்டும். 40 அடிக்கு அது குறைந்தது 24 அடி. மூன்று திசையிலும் 24 அடி விட்டால் வீட்டை எங்கே வைப்பது? ஸ்டே இல்லாமல் தனியாக நிற்கும் கோபுரம் வேண்டுமென்றால் அத்திவாரத்துக்கு இறக்கும் கொங்கிறீட்டில் ஓர் அறையே கட்டிவிடலாம். மின்கம்பியையும் மறக்க வேண்டாம். கம்பம் எந்தப் பக்கம் சரிந்தாலும் கம்பியைத் தொடக் கூடாது. உயரத்தின் ஒன்றரை மடங்கு தூரம் விடுவது பாதுகாப்பு. 40 அடிக்கு 60 அடி. வீதியில் போகும் பெரிய கம்பியை எல்லோரும் பார்க்கிறார்கள், வீட்டுக்கு வரும் இணைப்புக் கம்பியை யாரும் பார்ப்பதில்லை. அமெச்சூர்களைக் கொல்வதில் மின்னலைவிட முன்னிற்பது, தூக்கும்போது மின்கம்பியில் முட்டும் கம்பம்தான்.

அடுத்தது காற்று. வருடத்தில் இரண்டு தடவை எங்களுக்குப் பரீட்சை. வைகாசி தொடங்கி ஆவணி வரை மத்தியானத்துக்குப் பிறகு தென்மேற்குக் காற்றான கச்சான் விடாமல் அடிக்கும். ஐப்பசிக்குப் பிறகு வடகிழக்குக் காற்றான வாடையும் மழையும். இடையில் புயலும் வரலாம்: 2020 டிசம்பர் 2ஆம் திகதி புரெவி எங்களுக்கு வடக்கே கரை ஏறியபோது காற்று மணிக்கு 80 முதல் 90 கிலோமீற்றர் வரை. அந்த வேகத்தில் ஒரு சதுர மீற்றரில் ஏறக்குறைய 38 கிலோ அழுத்தம் விழும். 14 மெகாஹேர்ட்ஸுக்கான மூன்று தண்டு யாகிக்கு (ஒரு திசையை நோக்கி அனுப்பும் அன்ரெனா) காற்றுப் படும் பரப்பு சுமார் அரைச் சதுர மீற்றர் வரும். ஆக, கம்பத்தின் உச்சியில் இருபது கிலோவைக் கட்டிப் பக்கவாட்டில் இழுத்தபடியே இருப்பதற்குச் சமம். கோபுரத்தின் மேல் படும் காற்று வேறு. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு ஆகும் என்பதையும் சேர்த்துக் கொள்ளுங்கள். இறக்கக்கூடிய கம்பம் உள்ளவன் வானிலை அறிவித்தல் வந்ததும் இறக்கிவிட்டுச் சாப்பிடப் போவான். மற்றவன் இரவு முழுக்க ஜன்னலடியில் நிற்பான்.

நிலாவெளிப் பக்கம் ஜெர்மன் வானொலியான டொய்ச்ச வெல்ல 1984இல் தொடங்கிய ஒலிபரப்பு அஞ்சல் நிலையத்தின் கோபுரங்கள் அத்தனை உயரத்தில் நிற்கின்றனவே என்று சிலர் என்னிடம் வாதாடுவார்கள். நியாயம்தான். சம்பளத்துக்கு ஏறி இறங்க ஆட்களும் அவற்றுக்கு இருந்தார்கள்.

உயரம் குறைந்தால் தொடர்பும் குறையுமே என்ற கவலைக்கு வருகிறேன். உங்களுக்கு எந்தத் தூரம் வேண்டும் என்பதைப் பொறுத்த விஷயம் அது. 7 மெகாஹேர்ட்ஸில் மொத்தம் 20 மீற்றர் நீளமுள்ள கம்பியை நடுவில் 30 அடியில் தூக்கி, இரண்டு நுனிகளையும் கூரை வடிவில் சரித்துக் கட்டினால் அலை பெரும்பாலும் தலைக்கு மேலே போய்த் திரும்பி விழும். பகலில் யாழ்ப்பாணம், கொழும்பு, காலி எல்லாம் அந்த வட்டத்துக்குள் அடங்கும். தீவுக்குள் பேசுவதற்கு இதைவிட உயரம் போவது வீண். 2004 சுனாமியில் தொலைபேசி அறுந்த அம்பாந்தோட்டைக்கு இலங்கை அமெச்சூர்கள் கருவிகளை வாகனத்தில் கொண்டுபோய்த்தான் தொடர்பு ஏற்படுத்தினார்கள். அங்கே யாரும் கோபுரம் நட்டுக்கொண்டு நிற்கவில்லை. நீளம் கணக்கிட, 143ஐ மெகாஹேர்ட்ஸால் வகுத்தால் மீற்றர் வரும். சரித்துக் கட்டும்போது அதிலும் சற்றுக் குறையும். முதலில் நீளமாக வெட்டி, அளந்து அளந்து குறையுங்கள். நுனிகளை ஆள் கைக்கு எட்டாத உயரத்தில் கட்டுங்கள். அனுப்பும்போது அங்கே மின்னழுத்தம் மிக அதிகம், தொட்டால் சுடும்.

ஜப்பான், ஐரோப்பா என்று தூரம் பேச ஆசையா? அதற்குக் கடவுளே உங்களுக்குக் கோபுரம் கட்டித் தந்திருக்கிறார்: கடல். உப்பு நீர் மண்ணைவிடப் பல நூறு மடங்கு நன்றாக மின்சாரம் கடத்தும். நிமிர்ந்து நிற்கும் அன்ரெனாவைத் தண்ணீரிலிருந்து ஓரிரு அலைநீளத்துக்குள் வைத்தால், தொடுவானத்தை ஒட்டிப் புறப்படும் தாழ்ந்த கோண அலை அப்படியே காப்பாற்றப்படும். 14 மெகாஹேர்ட்ஸில் கால் அலை நீளம் 5 மீற்றர்தான். மடக்கிச் சுருக்கும் கண்ணாடி இழைக் கம்பு ஒன்று, அதில் சுற்றிய கம்பி, அடியில் நிலத்திலிருந்து சற்று உயர்த்திக் கட்டிய இரண்டு கம்பிகள், இவ்வளவும் ஒரு பையில் அடங்கும். பின்னேரம் கடற்கரைக்குக் கொண்டுபோய் நிறுத்தி, பேசி முடித்துச் சுருட்டிக்கொண்டு வரலாம். உள்நாட்டில் 60 அடிக் கோபுரம் வைத்திருக்கும் நண்பர்கள் இந்த விஷயத்தில் எங்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். ஒன்று மட்டும்: கடற்படை முகாம் வேலி அருகே இந்த வேலை வேண்டாம். உரிமம் சட்டைப் பையில் இருந்தாலும் விளக்கம் சொல்லி முடிக்க விடிந்துவிடும்.

இனிக் கம்பம். பிணைச்சல் கம்பத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. ஸ்டே கம்பிகளை நான்கு திசையில் போடுங்கள். அவற்றுள் இரண்டின் கட்டுமிடங்கள் பிணைச்சல் அச்சின் நேர்கோட்டிலேயே, அதே மட்டத்தில் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் கம்பம் எழும்போதும் படுக்கும்போதும் அந்த இரண்டும் இறுக்கமாகவே நின்று பக்கவாட்டு ஆட்டத்தைத் தடுக்கும். பின்பக்க ஸ்டே, கம்பம் நேராகும் இடத்தில் தானாக நிறுத்தும். முன்பக்கத்துக்குக் கம்பத்தின் அடியில் செங்குத்தாக ஒரு துணைக் குழாயைப் பூட்டி அதன் நுனி வழியாகக் கயிற்றை இழுத்தால் தூக்குவது எளிது. பாரம் அதிகம் தெரிவது முதல் சாண் உயரத்தில்தான்.

குழாயின் அடியைச் சீமெந்துக்குள் புதைக்காதீர்கள். உள்ளே வேர்க்கும் தண்ணீர் வெளியேற வழியின்றி உட்பக்கமிருந்து கறள் தின்னும். வெளியே பூச்சு புதுசாகவே இருக்கும். அடியில் துளை விடுங்கள், உச்சியை மூடுங்கள். வெல்டிங் செய்த இடங்களில் நாகப் (துத்தநாகப்) பூச்சு எரிந்து போயிருக்கும், அங்கே நாகம் கலந்த பெயின்ற் இரண்டு பூச்சு அவசியம். செப்புக் கம்பியை நாகம் பூசிய இரும்பில் நேரே தொட விடாதீர்கள். உப்புக் காற்றில் அது ஒரு சிறு பட்டரியாகவே வேலை செய்து நாகத்தைக் கரைத்துவிடும். போல்ட், நட்டு எல்லாம் 316 வகைத் துருப்பிடிக்காத உருக்காக இருக்கட்டும். 'கறள் பிடிக்காது' என்று கடையில் சத்தியம் செய்து தந்த கிளிப்புகள் ஒரு வாடைக்குள் செம்மண் நிறத்துக்கு வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஸ்டேக்கு இரும்புக் கம்பியைவிடப் பொலியெஸ்டர் கயிறு எனக்குப் பிடிக்கும். மீன்பிடிச் சாமான் கடையில் வாங்கும்போது ஒரு துண்டை வெட்டித் தண்ணீர் வாளியில் போட்டுப் பாருங்கள். மிதந்தால் அது பொலிபுரோப்பிலீன் வகை. வலைக்கு நல்லது, உங்களுக்கு ஆகாது. வெயிலில் நார் நாராக உதிர்ந்து கையில் தூளாக ஒட்டும். அமிழ்ந்தால் பொலியெஸ்டராகவோ நைலோனாகவோ இருக்கும். இழுத்துப் பாருங்கள், நன்றாக நீள்வது நைலோன். அதுவும் வேண்டாம். கம்பிதான் போடுவேன் என்றால், கிளிப்பின் வளைந்த போல்ட் பக்கம் மடித்த நுனியின் மேலும், சேணப் பக்கம் பாரம் தாங்கும் கம்பியின் மேலும் வர வேண்டும். ஊரில் பாதிப் பேர் மாற்றித்தான் போடுகிறார்கள்.

ஸ்டேகளின் கீழ்ப்பகுதிக்கு ஆள் உயரத்துக்கு வெள்ளை பி.வி.சி. குழாய் மாட்டுங்கள். பிள்ளைகளுக்காக மட்டுமல்ல. நகரத்துக்குள் எங்களுக்கு மான் தொல்லை. இரவில் படலை திறந்து கிடந்தால் புள்ளிமான்கள் உள்ளே வந்து பூச்செடியை மேயும். வெருண்டு ஓடும்போது கம்பியில் கொம்பு சிக்கினால் மானுக்கும் கேடு, கம்பத்துக்கும் கேடு. உப்புவெளியில் உங்களுக்கு மானுக்குப் பதில் மாடு.

பராமரிப்பு என்று கேட்டீர்கள். என் நேரத்தில் பெரும்பங்கு கேபிள் இணைப்புகளுக்கே போகிறது. மழைக்காலம் முடிந்து ஒரு இணைப்பைக் கழற்றிப் பாருங்கள்: உள்ளே வெள்ளிப் பளபளப்பு கறுத்திருக்கும், பின்னல் கம்பியில் பாசி போலப் பச்சைத் தூள் படிந்திருக்கும், தட்டினால் ஒரு துளி தண்ணீர் விழும். அந்தத் துளி அங்கேயே நிற்காது. பின்னல் வழியே திரி எண்ணெய் உறிஞ்சுவதுபோலக் கேபிளுக்குள் ஏறிக்கொண்டே போகும். அப்படிப்பட்ட கேபிளைக் காயவைத்துத் திருத்த முடியாது, வெட்டி எறியத்தான் வேண்டும். தன்னோடு தானே ஒட்டும் றப்பர் நாடாவை இழுத்து நீட்டிச் சுற்றுங்கள். கீழிருந்து மேலாகச் சுற்றினால் ஓட்டுக் கூரை மாதிரி மழை வழிந்து போகும். அதன் மேல் வெயில் தாங்கும் கறுப்பு நாடா. கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு வளைவு தொங்கட்டும், தண்ணீர் அதன் அடியிலிருந்து சொட்டிவிடும். மெல்லிய ஆர்.ஜி.58 கேபிளை 145 மெகாஹேர்ட்ஸுக்கு 30 மீற்றர் ஓட்டினால் பாதிக்கு மேற்பட்ட வலு கேபிளிலேயே போய்விடும்; தடித்த ஆர்.ஜி.213 வாங்குங்கள்.

கம்பத்தை வருடத்துக்கு இரண்டு தரம் இறக்கினால் போதும்: கச்சான் தொடங்குமுன், வாடைக்கு முன். ஸ்டே கட்டுகளையும் காகக் கூட்டையும் அப்போதே பார்த்துவிடலாம். அனுப்பும் வலுவில் எவ்வளவு அன்ரெனாவிலிருந்து திரும்பி வருகிறது என்று காட்டும் நிற்கும் அலை விகிதத்தை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். காரணமில்லாமல் அது மாறினால் எங்கோ தண்ணீர் புகுந்துவிட்டது.

மின்னல் சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் அதிகம். எங்கள் மணல் காய்ந்தால் மின்சாரத்தை நிலத்துக்கு விடாது. ஒரே ஒரு செப்புத் தண்டை அடித்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள். இரண்டு மூன்று தண்டுகளை, ஒவ்வொன்றின் நீளத்துக்காவது இடைவெளி விட்டு அடித்துப் பட்டைக் கம்பியால் இணையுங்கள். அதை வீட்டு மின்சார எர்த்தோடும் சேர்க்க வேண்டும். தனித்தனியாக விட்டால் இரண்டுக்கும் இடையிலான மின்னழுத்த வேறுபாட்டால் மின்சாரம் உங்கள் வானொலிக்குள்ளாலேதான் பாயும். இடி கேட்பதற்கு முன்பே, மப்பு ஏறும்போதே கேபிளைக் கழற்றி வெளியே போட்டுவிடுங்கள். இடி தொடங்கிய பிறகு கேபிளில் கை வைக்காதீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன்பு உரிமம். பரீட்சையும் உரிமமும் கொழும்பிலுள்ள தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம். உங்கள் அழைப்புக் குறி 4எஸ் என்று தொடங்கும். அது கைக்கு வரும்வரை கேட்கலாம், அனுப்பக் கூடாது. கம்பம் நடுமுன் உள்ளூராட்சி சபையில் ஒரு வார்த்தை கேளுங்கள். சீனக்குடா விமானத் தளத்துக்குக் கிட்ட என்றால் உயரத்தைப் பற்றித் தனியாக விசாரியுங்கள். அயலவரிடமும் முதலே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் நட்டால் அவர்கள் வீட்டுத் தொலைக்காட்சி எந்தக் காரணத்தால் பழுதானாலும் குற்றம் உங்கள் கம்பத்துக்குத்தான். நிஜமாகவே இடைஞ்சல் இருந்தால் பெரும்பாலும் கேபிளின் வெளிப்பின்னலில் ஓடும் மின்னோட்டமே காரணம். அன்ரெனாவின் நடுப்புள்ளியில், பொருத்தமான ஃபெரைட் (காந்தப் பண்புள்ள பீங்கான்) வளையத்தில் கேபிளைப் பத்துச் சுற்றுச் சுற்றிப் பூட்டினால் அநேகமாகத் தீர்ந்துவிடும்.