ஹைலக்ஸ் பக்கியின் (பிக்கப் வண்டியின்) சைலன்சரை மாற்றினால் சத்தத்தோடு இழுவையும் கூடுமா?

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: வண்டி 2.8 லிட்டர் டர்போ டீசல் ஹைலக்ஸ். கம்பீரமான சத்தமும் கூடுதல் இழுவையும் வேண்டும்.

சத்தம் கிடைக்கும். ஆனால் பெட்ரோல் வி8 வண்டியின் உறுமலை டீசலிடம் எதிர்பார்க்காதீர்கள்; புகையின் துடிப்பில் பெரும்பகுதியை, அந்தப் புகையால் சுழன்று எஞ்சினுக்குக் காற்றைத் திணிக்கும் டர்போவே விழுங்கிவிடுகிறது. பின்பக்க சைலன்சரை மட்டும் மாற்றினால் குரல் சற்றுத் தடிக்கும், இழுவையில் வித்தியாசம் தெரியாது. புகைக்கு உண்மையான நெரிசல் டர்போவை ஒட்டிய குழாயில்தான். அதை அகலமாக்கினால் எதிரழுத்தம் (புகை வெளியேறுவதைத் தடுக்கும் அழுத்தம்) குறையும், டர்போ சீக்கிரம் வேகமெடுக்கும். அப்போதும் எஞ்சின் கணினியை அதற்கேற்பத் திருத்தாவிட்டால் பலன் சொற்பமே. 3 அங்குலக் குழாய் போதும். அதற்கு மேல் போவது வீண் பெருமை.

துருப்பிடிக்காத எஃகுக் குழாயாகவே கேளுங்கள். டர்பன் கடற்காற்றின் உப்பு சாதாரண இரும்பை அரித்துவிடும். சைலன்சரைக் கழற்றிவிட்டு வெறுங்குழாயுடன் ஓட்டுவது சட்டப்படி குற்றம். என்3 நெடுஞ்சாலையில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரை அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டே போவது தனித் தண்டனை. வண்டிக்கு உத்தரவாதக் காலம் முடியவில்லையென்றால், விற்பனையாளரிடம் கேட்டுவிட்டு ஸ்பேனரை எடுங்கள்.