புதிதாக வந்தவளும் மற்ற நால்வரும்

வணக்கம் ஐயா,

நான் திருச்சி பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. பெண்கள் கூடைப்பந்து அணியை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்து லீக்கில் (WNBA) கெய்ட்லின் கிளார்க் வந்ததும் இண்டியானா ஃபீவர் அணியின் தலையெழுத்தே மாறிவிட்டது என்று போன மாதம் எழுதியிருந்தீர்கள். எனக்கு அது மிகையாகப் படுகிறது. அவர் வந்த 2024-இல் அந்த அணி 20 ஆட்டங்களில் வென்றது, 20 ஆட்டங்களில் தோற்றது. பிளேஆஃப் முதல் சுற்றோடு வீட்டுக்குப் போனது. ஒரு சீசனில் மிக அதிக முறை பந்தைப் பறிகொடுத்தவர் என்ற பெயரும் அவருக்குத்தான். மறு வருடம் அவர் காயம்பட்டு உட்கார்ந்திருந்தபோதுதான் அணி அரையிறுதிக்கே போனது. அப்படியானால் இதெல்லாம் விளம்பரம் செய்த வேலைதானே?

கேட்பதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் அணிக்கு இந்த வருடம் ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள். அபாரமாக ஆடுகிறாள். ஆனால் அவள் கைக்குப் பந்து போனதும் மற்ற நாலு பேரும் அப்படியே நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். ஒருத்தியை நம்பி ஓர் அணியைக் கட்டலாமா?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

நீங்கள் சொன்ன கணக்கெல்லாம் சரி. ஆனாலும் 'தலையெழுத்து' என்ற சொல்லை நான் திரும்பப் பெறப்போவதில்லை. ஏன் அப்படிச் சொன்னேன் என்று அப்போதே விளக்கியிருக்க வேண்டும், அதைச் செய்யவில்லை. உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியைப் படித்ததும் இதை விரிவாக எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

19.2 என்ற ஓர் எண்ணிலிருந்து தொடங்குகிறேன். 2024-இல் கிளார்க் ஆட்டத்துக்குச் சராசரியாக எடுத்த புள்ளிகள் அவை. அடுத்த வருடம் டாலஸ் விங்ஸ் அணிக்கு டிராஃப்டின், அதாவது புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வின், முதல் தேர்வாக வந்த பெய்ஜ் பெக்கர்ஸ் எடுத்ததும் அதே 19.2. இருவரும் அந்தந்த வருடத்தின் சிறந்த புதுமுகம் என்ற விருதை வாங்கினார்கள். ஆனால் பெக்கர்ஸ் வருவதற்கு முந்தைய வருடம் டாலஸ் 9 ஆட்டங்களில் வென்று 31-இல் தோற்றிருந்தது. அவர் வந்த பிறகு 10 வெற்றி, 34 தோல்வி. பெக்கர்ஸ் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஒரே ஆட்டத்தில் 44 புள்ளிகள் எடுத்தவர் அவர். கூட ஆடியவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் காயத்தில் விழுந்தார்கள், அணியும் மாறிக்கொண்டே இருந்தது. ஆக, ஒரு பெண் வந்து மளமளவென்று புள்ளிகளைக் குவித்தால் அணி தானாக எழுந்துவிடும் என்பது இல்லை. இதில் நான் உங்கள் கட்சி.

இன்னொரு 19.2-ம் இருக்கிறது. 2024-இல் அதே ஃபீவர் அணியில் கெல்சி மிட்செல் எடுத்த சராசரி. எனக்கு முக்கியமானது இந்த மூன்றாவது 19.2-தான்.

மிட்செல் 2018-இல் இரண்டாவது தேர்வாக அந்த அணிக்கு வந்தவர். கிளார்க் வரும்வரை ஆறு சீசன்கள் ஆடினார். அந்த ஆறு சீசன்களிலும் சேர்த்து ஃபீவர் 49 ஆட்டங்களில் வென்றது, 149 ஆட்டங்களில் தோற்றது. ஒருமுறை கூட பிளேஆஃப் பக்கம் போகவில்லை. 2022-இல் 36 ஆட்டங்களில் 5 வெற்றிதான். மிட்செல் தன் பங்கைக் குறையில்லாமல் செய்துகொண்டிருந்தார். ஆனால் அவரை யார் கவனித்தார்கள்? 2023-இல் முதல் தேர்வாக அலியா பாஸ்டன் வந்தார். உயரமும் நிதானமும் உள்ள சென்டர், கூடைக்குப் பக்கத்தில் ஆடுகிறவர். ஓட்டளித்த அத்தனை பேரும் சேர்ந்து அவரைச் சிறந்த புதுமுகமாக்கினார்கள். ஐந்தைப் பதின்மூன்று வெற்றியாக்கிய பெருமை அவருக்கு உண்டு. அதையும் கிளார்க் கணக்கில் எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அப்புறம் கிளார்க் வந்தார். அவர் எவ்வளவு அவசரத்தில் வந்தார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 2024 ஏப்ரல் 7 அன்று அயோவா பல்கலைக்கழகத்துக்காகக் கல்லூரி இறுதிப்போட்டி ஆடித் தோற்றார். ஏப்ரல் 15 அன்று டிராஃப்ட். மே 14 அன்று கனெக்டிகட் சன் அணிக்கு எதிராக முதல் ஆட்டம். அதில் 20 புள்ளிகள் எடுத்தார், பத்து முறை பந்தைப் பறிகொடுத்தார். அந்த நாளிலிருந்து இருபதே நாட்களில் 11 ஆட்டங்கள். பயிற்சிக்கு நேரமே கிடையாது, பயணம், ஆட்டம், மறுபடி பயணம். இரண்டில் வென்று ஒன்பதில் தோற்றார்கள்.

அந்த இருபது நாள் ஆட்டங்களை நான் அதிகாலை நாலரை மணிக்கு எழுந்து பார்த்திருக்கிறேன். இண்டியானாபொலிஸில் மாலை ஏழு என்றால் நமக்கு அந்த நேரம். ஒரு காட்சி திரும்பத் திரும்ப வரும். கிளார்க் திரும்பிக்கூடப் பார்க்காமல் பந்தை வீசுவார். தோழி ஒருத்தி இருக்க வேண்டிய இடத்துக்கு அது சரியாகப் போகும். ஆனால் அங்கே ஓடிவரும் தோழியின் கை இன்னும் தயாராகியிருக்காது. பந்து விரலில் பட்டு வெளியே போகும். புள்ளிவிவரத் தாளில் அது கிளார்க் பறிகொடுத்த பந்து என்று ஏறும். அந்தச் சீசன் முழுக்க 223 முறை அப்படி ஏறியது. எல்லாமே தோழிகள் தவறு என்று சொல்ல வரவில்லை. இரண்டு பேர் சூழ்ந்து நிற்கும்போது நடுவில் பந்தை விட்ட தவறும் அதில் நிறைய இருக்கிறது. ஆனால் அதே சீசனில் அவர் கொடுத்த அசிஸ்ட், அதாவது தோழி உடனே புள்ளி எடுக்கும்படி கொடுத்த பந்து, 337. அதுவும் அப்போது லீக் வரலாற்றில் ஒரு சீசனுக்கான சாதனை. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பந்தைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறவருக்கு இரண்டு சாதனைகளில் ஒன்றுகூட வராது.

நீங்கள் ஆட்டம் தெரிந்தவர், அதனால் இந்த இடத்தைச் சற்று விரித்துச் சொல்கிறேன். பெண்கள் லீக்கில் மூன்று புள்ளிக் கோடு சுமார் 22 அடியில் இருக்கிறது. கிளார்க் அதற்கும் பல அடி பின்னால், மைதானத்தின் நடுவில் வரைந்திருக்கும் சின்னத்துக்குப் பக்கத்தில் நின்றே எறிவார். அந்தச் சீசனில் 122 முறை மூன்று புள்ளி போட்டார், புதுமுகங்களில் அதுவரை யாரும் போடாத எண்ணிக்கை. அதனால் எதிரணி அவரைப் பாதி மைதானத்திலேயே மறிக்க வேண்டும். ஒருவர் போதாது, இரண்டு பேர். பாஸ்டன் மேலே வந்து ஸ்க்ரீன் போடுவார், அதாவது மறிக்கிறவரின் வழியில் அசையாமல் நிற்பார். மறிக்கிற இருவரும் கிளார்க்கிடம் மாட்டிக்கொள்வார்கள். பாஸ்டன் திரும்பி கூடையை நோக்கி ஓடுவார். இப்போது பின்னால் எதிரணிக்கு மூன்று பேர்தான், ஃபீவருக்கு நாலு பேர். மிட்செல் ஒரு மூலையில் தனியாக நிற்பார். ஆறு வருடம் இரண்டு பேர் சூழ ஆடிய பெண்ணுக்கு முதல்முறையாகக் காற்று வந்த மாதிரி இருந்தது. அந்த மூன்றாவது 19.2 வந்தது இப்படித்தான்.

இது ஒரே நாளில் நடக்கவில்லை. ஜூலை 6 அன்று நியூயார்க் லிபர்ட்டியை வென்ற ஆட்டத்தில் கிளார்க் 19 புள்ளிகள், 12 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), 13 அசிஸ்ட் என்று மூன்றிலும் இரட்டை இலக்கம் தொட்டு, லீக் வரலாற்றில் எந்தப் புதுமுகமும் செய்யாததைச் செய்தார். ஜூலை 17 அன்று டாலஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 19 அசிஸ்ட், லீக்கின் சாதனை. அந்த ஆட்டத்தில் ஃபீவர் தோற்றது! அப்புறம் ஒலிம்பிக்குக்காக ஒரு மாத இடைவெளி. பாரிஸுக்குப் போன அமெரிக்க அணியில் கிளார்க்கை எடுக்கவில்லை. அவருக்கு ஓய்வு கிடைத்தது, அணிக்குப் பயிற்சி செய்ய நாட்கள் கிடைத்தன. இடைவெளிக்கு முன்பு 11 வெற்றி, 15 தோல்வி. அதற்குப் பின்பு 9 வெற்றி, 5 தோல்வி. நீங்கள் சொன்ன '20-20' என்ற கணக்குக்குள் இப்படி இரண்டு அணிகள் ஒளிந்திருக்கின்றன.

அந்த 20-20 பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஃபீவர் வரலாற்றின் மிகப் பெரிய பெயர் டமிகா கேட்சிங்ஸ். 2001-இல் தேர்வானவர், முழங்கால் காயத்தால் 2002-இல்தான் ஆட வந்தார். பிறவியிலேயே காது சரியாகக் கேட்காத பெண். முந்தைய வருடம் 10 ஆட்டங்களில் மட்டும் வென்றிருந்த அணி, அவர் வந்த வருடம் 16 வெற்றி, 16 தோல்வி. அதுதான் அந்த அணியின் முதல் பிளேஆஃப். அதிலும் முதல் சுற்றிலேயே தோற்றார்கள். ஃபீவரின் ஒரே பட்டம் 2012-இல், பத்து வருடம் கழித்து வந்தது. கேட்சிங்ஸ் ஓய்வு பெற்ற 2016-க்குப் பிறகு அணி பிளேஆஃபையே மறந்தது, 2024 வரை. ஆகவே சரிபாதி வெற்றி என்பதை அந்த ஊர்க்காரர்கள் நீங்கள் நினைப்பதுபோல் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை.

விளம்பரம் பற்றி. ஆமாம், இருந்தது, ஏராளமாக இருந்தது. 2023-இல் சொந்த அரங்கில் சராசரியாக 4,000 சொச்சம் பேர் பார்த்த அணிக்கு 2024-இல் 17,000 பேர் வந்தார்கள். வாஷிங்டன் மிஸ்டிக்ஸ் தன் வழக்கமான அரங்கு போதாதென்று பெரிய அரங்குக்கு ஆட்டத்தை மாற்றியது, 20,711 பேர் வந்தார்கள். இத்தனைக்கும் காரணமான பெண்ணுக்கு அணி கொடுத்த சம்பளம் அந்த வருடம் 76,535 டாலர். விளம்பர ஒப்பந்தங்களில் அவர் கோடிகள் சம்பாதித்தது வேறு கதை. அந்த வசதி இல்லாத பலர் இதே மாதிரிச் சம்பளத்தில்தான் ஆடினார்கள். 2025 ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு வீராங்கனைகள் 'எங்களுக்குத் தர வேண்டியதைத் தாருங்கள்' என்று அச்சிட்ட சட்டையோடு வந்து நின்றார்கள். அதைப் பார்த்து எனக்கு மனம் நிறைந்தது.

இங்கே உங்கள் கோபத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. 2024-இல் எல்லா அணிகளுக்கும் தனி விமானம் வந்ததைக் கிளார்க் கொண்டுவந்த வரம்போல எழுதினார்கள். 2021-இல் நியூயார்க் லிபர்ட்டி தன் ஆட்டக்காரர்களைத் தனி விமானத்தில் அழைத்துப் போனதற்காக லீக் 5 லட்சம் டாலர் அபராதம் போட்டது. பல வருடம் பலர் சண்டை போட்டுத் தள்ளிய கதவு அது. கடைசித் தள்ளலுக்குக் கூட்டம் சேர்ந்தது கிளார்க்கால். 2024-இல் ஒரே சீசனில் 1,000 புள்ளிகளைத் தாண்டிய முதல் பெண் லாஸ் வேகஸின் ஏஜா வில்சன். அவரைப் பற்றி எத்தனை பேர் பேசினார்கள்? கிளார்க்கை ஆதரிக்கிறோம் என்ற பெயரில் கறுப்பின வீராங்கனைகளை இணையத்தில் கேவலமாகத் திட்டினார்கள், அதை மன்னிக்கவே முடியாது. இந்த லீக்கைக் கட்டியவர்கள் கறுப்பினப் பெண்கள் என்றும், வெள்ளைக்காரி என்பதால் தனக்குச் சலுகை கிடைத்தது என்றும் கிளார்க்கே சொன்னார். சொன்னதற்கும் திட்டு வாங்கினார்.

சரி, 2025-க்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது. கிளார்க் 44 ஆட்டங்களில் 13-இல்தான் ஆடினார். அவர் ஆடியபோது 8 வெற்றி, 5 தோல்வி. ஆடாதபோது 16 வெற்றி, 15 தோல்வி. ஜூலை 1 அன்று மினசோட்டாவை அதன் சொந்த ஊரிலேயே வென்று, சீசன் நடுவில் நடக்கும் கமிஷனர்ஸ் கோப்பையை எடுத்தார்கள், கிளார்க் பெஞ்சில் இருந்தார். அப்புறம் கிளார்க்கைப்போல் பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் இன்னும் இரண்டு பாயின்ட் கார்டுகள் ஒரே ஆட்டத்தில் காயம்பட்டு சீசனையே இழந்தார்கள். பாதியில் சேர்த்த ஒடிசி சிம்ஸை வைத்து அரையிறுதியில் வில்சனின் அணியை ஐந்தாவது ஆட்டம்வரை இழுத்தார்கள். அந்த ஆட்டத்தில் மிட்செல் உடல் ஒத்துழைக்காமல் வெளியேற வேண்டியிருந்தது. பாஸ்டன் ஃபவுல் எண்ணிக்கை நிறைந்து வெளியேறினார். அப்படியும் கூடுதல் நேரம்வரை போய்த்தான் தோற்றார்கள், 107-98.

நீங்கள் இதைக் கிளார்க் தேவையில்லை என்பதற்குச் சாட்சியாகச் சொல்கிறீர்கள். நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். புதுக் கோச் ஸ்டெஃபனி வைட்டுக்கும் அனுபவமுள்ள புது ஆட்டக்காரர்களுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. அனுபவசாலிகள் தேடிவரும் இடமாக அந்த ஊர் மாறியதே ஒரு மாற்றம்தான். ஆனால் வேகமாக ஓடுவது, பந்து எப்போதும் வரலாம் என்று கையைத் தயாராக வைத்திருப்பது, இதெல்லாம் முந்தைய வருடம் அந்த 223 தவறுகளுக்கு நடுவில் மிட்செலும் பாஸ்டனும் பழகியது. கிளார்க் உட்கார்ந்த பிறகும் அது போகவில்லை. வந்தவள் இல்லாதபோது மற்றவர்கள் நன்றாக ஆடுகிறார்கள் என்றால், அவள் வந்ததில் ஏதோ சரியாக நடந்திருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

இனி உங்கள் மாணவி. தூரத்திலிருந்து யோசனை சொல்வது எளிது, தெரிந்தே சொல்கிறேன். நாலு பேர் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பெண்ணைக் குறைத்து ஆடச் சொல்லாதீர்கள். அவளிடமிருந்து வரும் பந்தைப் பிடிக்க மற்ற நால்வருக்கும் தனியாகப் பயிற்சி கொடுங்கள். நெஞ்சுக்கு நேரே கையை வைத்துக்கொண்டே ஓடட்டும். ஜூலை 17 ஆட்டத்தின் அந்த 19 அசிஸ்ட் காணொளியாகக் கிடைக்கிறது. ஐந்து பேரையும் உட்காரவைத்துப் போட்டுக் காட்டுங்கள். கிளார்க்கைப் பார்க்க வேண்டாம், பந்தை வாங்குகிறவர் அதற்கு இரண்டு நொடி முன்னால் எங்கே நிற்கிறார் என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

முதல் சில வாரம் பந்து நிறைய வெளியே போகும். அப்போது விசில் ஊதி நிறுத்தாமல் இருந்து பாருங்கள். நாலு பேரில் முதலில் ஓடத் தொடங்குகிறவள் யார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.